புதிய பிக்கப் வாங்கும் முன்: தந்தித் தேர்வும் பிக்கப் உயரமும்

எலெக்ட்ரிக் கிடாரின் ஒலி மந்தமாக இருக்கிறது, அல்லது காதைக் குத்துகிறது என்று தோன்றிய உடனே பலரும் புதிய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) விலை பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை இரண்டு. உங்கள் கைக்கும் கிடாருக்கும் பொருந்தும் புதிய தந்திகளைப் போடுவது ஒன்று. தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது மற்றொன்று. இரண்டாவது வேலைக்குத் திருப்புளியும் ஸ்கேலும் போதும், செலவே கிடையாது. ஆனாலும் கிடார் வாங்கி வருடக்கணக்கில் ஆகியும் பிக்கப்பை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூக்களைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம். அவை எதற்கு இருக்கின்றன என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த இரண்டையும் தனித்தனி விஷயமாகப் பேசுவது வழக்கம். நான் சேர்த்தே பேசுகிறேன். பிக்கப் உணர்வது தந்தியில் இருக்கும் இரும்பைத்தான். அந்த இரும்பு எவ்வளவு, எத்தனை தூரத்தில் அசைகிறது என்பதில்தான் ஒலியின் பெரும்பகுதி முடிவாகிறது. தந்தியை மாற்றினால் தூரத்தின் கணக்கும் மாறும்.

பிக்கப் எப்படிக் கேட்கிறது

பிக்கப்புக்குள் இருப்பவை காந்தமும், முடியைப் போல மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருளும். காந்தம் தனக்கு மேலே இருக்கும் எஃகுத் தந்தியையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப் புலம் கூடிக் குறைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல்தான் இது, வேறு மாயம் இல்லை. நைலான் தந்தி போட்டால் இந்த பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது. அக்கூஸ்டிக் கிடாருக்கான வெண்கலத் தந்தி போட்டால், சுற்றியிருக்கும் வெண்கலம் காந்தத்துக்குப் படியாததால் தடித்த தந்திகள் சோர்ந்தும், மெல்லிய எஃகுத் தந்திகள் ஓங்கியும் ஒலிக்கும்.

பிக்கப்பைத் தந்திக்கு அருகே கொண்டுபோனால் சிக்னல் வேகமாகக் கூடும். தந்தியை மீட்டும் முதல் கணத்தின் தாக்குதல் முன்னுக்கு வரும், உயர் அதிர்வெண்கள் கூர்மையாகும். தள்ளி வைத்தால் சத்தம் குறையும்; ஆனால் ஒலி விரிந்து, காற்றோட்டமாக, மெதுவாக மீட்டுவதற்கும் ஓங்கி மீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்படி வரும். ரொம்பத் தள்ளினால் உயிரே இல்லாமல் போய்விடும், சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பாக இருந்தால் கூடவே ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் மட்டும் அப்படியே நிற்கும். அந்த இரைச்சல் சுவரிலிருக்கும் மின்கம்பிகளிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் வருவது. தந்தி அருகே இருக்கிறதா தள்ளி இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

அருகே வைப்பதில் இன்னொரு விலையும் உண்டு. காந்தம் தந்தியைக் கீழே இழுக்கிறது. இழுப்பு அதிகமானால் தந்தி சுதந்திரமாக அதிராது. நீடிப்பு குறையும், சுருதி தள்ளாடும், ஒரே தந்தியில் இரண்டு சுரம் உரசிக்கொள்வதுபோலக் கேட்கும்.

எந்த வரிசையில் செய்வது

முதலில் தந்தியைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். அடுத்து நெக் (விரல் வைத்து அழுத்தும் நீண்ட கழுத்து) வளைவு, பிறகு தந்தியின் உயரம், அதன் பிறகு பிரிட்ஜில் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதியில்) சுருதிச் சரிபார்ப்பு, அதாவது நெக்கில் எங்கே அழுத்தினாலும் சுருதி சேரும்படி தந்தியின் நீளத்தைத் திருத்துவது. பிக்கப் உயரம் கடைசி. தந்தியின் உயரத்தை அரை மில்லிமீட்டர் மாற்றினால் பிக்கப் இடைவெளியும் அதே அரை மில்லிமீட்டர் மாறிவிடும் என்பதால் இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் வேலை இரட்டிப்பாகும். ஒரே ஒரு விதிவிலக்கு: சுருதிச் சரிபார்ப்புக்கு முன் பிக்கப்புகளை நன்றாகக் கீழே இறக்கி வைத்துவிடுங்கள். காந்தம் இழுத்துக்கொண்டிருக்கும்போது டியூனர் காட்டும் அளவை நம்ப முடியாது.

தந்தியின் தடிமன்

செட்டின் பெயரில் வரும் எண் மிக மெல்லிய முதல் தந்தியின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். ‘பத்து செட்’ என்றால் முதல் தந்தி 0.010 அங்குலம், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதன் ஆறாவது தந்தி வழக்கமாக 0.046. ‘ஒன்பது செட்’ 9இல் தொடங்கி 42இல் முடியும். பதினொன்று 48 அல்லது 49 வரை போகும். மெல்லிய தந்திகள் ஒரு செட்டைப் போலவும் தடித்த தந்திகள் அதைவிடத் தடித்த செட்டைப் போலவும் இருக்கும் கலப்பு செட்டுகளும் உண்டு: 9–46, 10–52 போன்றவை. சுரத்தை வளைத்து வாசிக்கவும் வேண்டும், கனமான ரிதமும் வேண்டும் என்பவர்களுக்கு அவை நல்ல சமாதானம்.

எண்ணில் ஒன்றுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 25.5 அங்குல ஸ்கேல் நீளமுள்ள கிடாரில் சாதாரண சுருதியில் 10–46 செட் மொத்தமாக நெக்கை இழுக்கும் விசை சுமார் 47 கிலோ எடைக்குச் சமம். 9–42 செட்டில் அது சுமார் 39 கிலோ. விரலுக்கு இது தெளிவாகத் தெரியும், நெக்குக்கும் தெரியும்.

ஸ்கேல் நீளம் என்பது நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் பட்டை) பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் வகைகளில் 25.5 அங்குலம் (648 மி.மீ.), கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகையில் ஏறக்குறைய 24.75 அங்குலம் (628 மி.மீ.). இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அதே செட், அதே சுருதி என்றாலும் குட்டையான ஸ்கேலில் இறுக்கம் சுமார் 6 சதவீதம் குறையும். ‘என் நண்பனின் கிடாரில் பத்து செட் வெண்ணெய் மாதிரி இருக்கிறது, என்னுடையதில் கல்லாக இருக்கிறது’ என்ற புலம்பலுக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

சுருதியை அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது. எனவே பதினொன்று செட்டை அரைச்சுரம் இறக்கி வாசிப்பது, பத்து செட்டைச் சாதாரண சுருதியில் வாசிப்பதை விடக் கொஞ்சம்தான் கடினம். எப்போதும் இறக்கியே வாசிப்பவர்கள் ஒரு படி தடித்த செட் போடுவதற்குக் காரணம் இதுதான்.

தடித்த தந்திதான் ‘நிஜமான டோன்’ தரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ப்ளூஸ் கிடார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13இல் தொடங்கும் தந்திகளை அரைச்சுரம் இறக்கி வாசித்தது அதற்கு எப்போதும் சாட்சியாக வரும். ஆனால் கொழுத்த டோனுக்கே பெயர் போன ஸீஸீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7இல் தொடங்கும் செட் வாசிப்பவர். அவரை இந்த நம்பிக்கைக்காரர்கள் சாட்சிக்கு அழைப்பதில்லை. தடித்த தந்தியில் இரும்பு அதிகம் என்பதால் சிக்னல் கொஞ்சம் கூடுதல், அடி அழுத்தமாக இருக்கும், ஓங்கி மீட்டினாலும் சுருதி விலகாது. இவை உண்மை. மெல்லிய தந்தி எளிதில் வளையும், அதிர்வில் ஒரு சிலிர்ப்பு இருக்கும், ஆனால் வலுவாக மீட்டுபவர் கையில் சுருதி ஏறிவிடும், காந்தத்தின் இழுப்புக்கும் சீக்கிரம் மசியும். இவையும் உண்மை. விரல் வலியோடு போராடிக்கொண்டே வாசிப்பவரிடமிருந்து எந்தத் தந்தியிலும் நல்ல ஒலி வராது.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை எளிது. 25.5 அங்குலக் கிடாரில் ஒன்பது, 24.75 அங்குலக் கிடாரில் பத்து. ரிதம் மட்டுமே வாசிப்பவர், கை கனமானவர் என்றால் ஒரு படி மேலே போகலாம். ஒரு செட்டை விரல் முழுதாகப் பழகும்வரை வாசித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு மாறுங்கள். வாராவாரம் மாற்றினால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

எந்த உலோகம்

பெட்டியில் ‘நிக்கல்’, ‘ஸ்டெயின்லெஸ்’, ‘கோபால்ட்’ என்று எது எழுதியிருந்தாலும், அது பெரும்பாலும் தடித்த மூன்று தந்திகளின் மேல் சுற்றியிருக்கும் கம்பியைப் பற்றியது. மெல்லிய மூன்றும் கிட்டத்தட்ட எல்லா செட்டிலும் சாதாரண எஃகுதான். தடித்தவற்றின் உள்ளே ஓடும் மையக் கம்பியும் எஃகுதான். விலை கூடிய செட் போட்டும் மெல்லிய தந்திகள் அப்படியேதான் இருக்கின்றன என்று ஏமாறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிக்கல் முலாம் பூசிய எஃகு இன்றைய பொது வழக்கம். பிரகாசமும் வெதுவெதுப்பும் சமமாக இருக்கும். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் இதை வாங்குங்கள். தூய நிக்கல் 1950, 60களின் பழைய ஒலிக்கு நெருக்கமானது. நிக்கலுக்குக் காந்த ஈர்ப்பு எஃகை விடக் குறைவு, ஆகவே சிக்னலும் கொஞ்சம் தணிவு, மேல் அதிர்வெண்கள் மென்மை. பிரிட்ஜ் பிக்கப் (பிரிட்ஜுக்கு அருகே இருப்பது) கீச்சிடும் கிடாரில் இதைப் போட்டுப் பார்ப்பது பிக்கப்பையே மாற்றுவதை விட மலிவான வைத்தியம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கணீரென்று ஒலிக்கும், வியர்வையில் எளிதில் துரு ஏறாது. ஆனால் கடினமானது, ஃப்ரெட்டை (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வேகமாகத் தேய்க்கும். இருண்ட ஒலியுள்ள ஹம்பக்கருக்கு (இரைச்சலை அடக்க இரட்டைச் சுருள் வைத்த பிக்கப்) அது பொருந்தும். கோபால்ட் கலந்தவற்றில் காந்த ஈர்ப்பு கூடுதல், அதனால் சத்தமும் கொஞ்சம் கூடுதல்.

பூச்சுப் போட்ட தந்திகளில் முதல் நாள் பளிச்சென்ற தன்மை சற்றே மட்டுப்பட்டிருக்கும், ஆனால் அந்த ஒலி வாரக்கணக்கில் மாறாமல் நிற்கும். கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு லாபம் இதில்தான். தட்டையான கம்பி சுற்றிய ‘ஃப்ளாட்வவுண்ட்’ தந்திகள் ஜாஸுக்கும், விரல் நகரும் கீச்சொலியே வேண்டாம் என்பவர்களுக்கும். மற்றவர்கள் உருண்டைக் கம்பி சுற்றிய சாதாரண வகையிலேயே இருக்கலாம்.

இன்னொரு சங்கதி. பழைய தந்தியில் அழுக்கும் துருவும் ஏறி, ஃப்ரெட் படும் இடங்களில் அடியில் பள்ளம் விழுந்திருக்கும். அது மேல் அதிர்வெண்களை விழுங்கும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சேராது. செத்த தந்தியை வைத்துக்கொண்டு பிக்கப் உயரம் பார்ப்பது வீண் வேலை. தந்தியின் அடியில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்போ பள்ளமோ தட்டுப்பட்டால் மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளை அடியிலும் மேலிலும் துடைத்து வைத்தால் ஆயுள் கூடும்.

தடிமன் (கேஜ்) மாற்றினால் கவனிக்க வேண்டியவை

அதே தடிமனில் புது செட் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தடிமன் மாறினால் நெக்கின் மீதான இழுப்பு மாறும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் ஆறாவது தந்தியை அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடும், வளைவைத் திருத்தும் கம்பி) கடிகாரத் திசையில் கால் சுற்று, இடைவெளியே இல்லையென்றால் எதிர்த் திசையில் கால் சுற்று. திருப்பியபின் மீண்டும் டியூன் செய்துவிட்டு அளக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் போகவே கூடாது, இறுகிப்போய் நகர மறுத்தால் வலுக்கட்டாயம் பண்ணாமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மிதக்கும் ட்ரெமலோ (ஸ்ப்ரிங்குகளின் இழுப்பில் நின்று, கைப்பிடியால் அசைக்கக்கூடிய பிரிட்ஜ்) உள்ள கிடாரில் தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றினால் பிரிட்ஜ் பின்னால் சாய்ந்துவிடும். தடித்த செட் போட்டதும் பிரிட்ஜ் முன்னால் எழும்பினால் பின்பக்கம் ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் சமமாக இறுக்க வேண்டும். டியூன் செய்யும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் நட்டின் பள்ளத்தில் தந்தி மாட்டிக்கொள்கிறது என்று பொருள். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள், போதவில்லை என்றால் பள்ளத்தை அகலப்படுத்த அதற்கென்றே உள்ள அரத்தோடு ஒருவர் வேண்டும்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் தடித்த பக்கம் சுமார் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.5 மி.மீ. என்று வைத்துத் தொடங்கலாம். புதுத் தந்திகளை மெதுவாக இழுத்துவிட்டு, மீண்டும் மீண்டும் டியூன் செய்து, சுருதி நிலைத்தபின் அடுத்த வேலைக்கு வாருங்கள்.

உயரத்தை அளப்பது

தேவையானவை: அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள சிறு ஸ்கேல், ஸ்க்ரூவின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி, டியூனர், எழுத ஒரு தாள். எஃகு ஸ்கேலையும் எஃகுத் திருப்புளியையும் காந்தம் சட்டென்று பிடித்து இழுக்கும். சுருள் மூடப்படாமல் வெளியே தெரியும் பிக்கப்பில் அப்படி இடித்தால் கம்பி அறுந்துபோகும். பிளாஸ்டிக் ஸ்கேல் இருந்தால் நல்லது. ஃப்ரெட்டுகளைப் பளபளப்பாக்க எஃகுப் பஞ்சு பயன்படுத்தும் வழக்கம் இருந்தால், அதற்கு முன் பிக்கப்புகளை டேப்பால் முழுதாக மூடிவிடுங்கள். அந்தத் துகள்கள் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

கடைசி ஃப்ரெட்டில் ஆறாவது தந்தியை அழுத்திப் பிடியுங்கள். தந்தியின் அடிப்பகுதியிலிருந்து அதற்கு நேர் கீழே இருக்கும் காந்தத் துருவத்தின் மேற்பகுதி வரை அளந்து எழுதுங்கள். முதல் தந்திக்கும் அப்படியே, ஒவ்வொரு பிக்கப்புக்கும் அப்படியே. அழுத்திப் பிடித்து அளப்பதற்குக் காரணம், தந்தி பிக்கப்புக்கு மிக அருகே வருவது அந்த நிலையில்தான். தொடாமல் அளந்தால் இடைவெளி பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும். எதையும் திருப்புவதற்கு முன் இந்த எண்களை எழுதி வைத்துவிட்டால், எங்கே போய்ச் சிக்கினாலும் திரும்பி வர வழி இருக்கும்.

தொடங்கும் அளவுகள் பிக்கப்பின் வகையைப் பொறுத்தவை. பழைய பாணி சிங்கிள் காயிலில் அல்நிக்கோ காந்தத் தண்டுகளே துருவங்களாக நேராகத் தந்தியைப் பார்த்து நிற்கின்றன, இழுப்பு பலமாக இருக்கும். அவற்றுக்குத் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்பது ஃபெண்டர் தரும் அளவு. அதைவிட வீரியமான சிங்கிள் காயில்களைத் தடித்த பக்கம் 3 மி.மீ. வரைகூட இறக்கலாம். ஹம்பக்கரில் காந்தம் அடியில் படுத்திருக்கும், மேலே தெரிபவை வெறும் இரும்பு ஸ்க்ரூக்கள். இழுப்பு குறைவு என்பதால் அருகே கொண்டுவரலாம்: பிரிட்ஜில் 1.6 மி.மீ., நெக்கில் 2.4 மி.மீ. என்று தொடங்குங்கள். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புகள் பலவற்றில் காந்தம் இன்னும் வலுக் குறைந்தது, தந்தி இடிக்காத வரை ஏற்றிப் பார்க்கலாம்.

நெக் பிக்கப் ஏன் தள்ளி இருக்க வேண்டும்? தந்தி அங்கே அகலமாக ஆடுகிறது, பிரிட்ஜ் அருகே கொஞ்சமாகத்தான் ஆடுகிறது. இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் நெக் பிக்கப் பிரிட்ஜ் பிக்கப்பை அமுக்கிவிடும். தடித்த பக்கத்தைக் கூடுதலாக இறக்குவதும் இதே கணக்குதான்: அங்கே இரும்பு அதிகம், வீச்சும் அதிகம்.

காதால் முடிப்பது

அளவுகள் தொடக்கத்துக்கு மட்டும். ஆம்பை (ஒலிபெருக்கி) திரிபில்லாத சுத்தமான ஒலியில் வையுங்கள், பெடல் எதுவும் வேண்டாம். கிடாரின் வால்யூமும் டோனும் முழுதாகத் திறந்திருக்கட்டும்.

பெரும்பாலான கிடார்களில் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கடிகாரத் திசையில் திருப்பினால் பிக்கப் மேலே வரும். நேராக மரத்தில் முடுக்கியிருக்கும் பிக்கப்புகளில் இது தலைகீழ், முடுக்கினால் இறங்கும். டெலிகாஸ்டரின் நெக் பிக்கப்பில் இப்படி இருப்பது உண்டு, ஸ்க்ரூ தெரிய வேண்டுமானால் மேலே இருக்கும் தகட்டைக் கழற்றவும் நேரும். ஹம்பக்கர் ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நகரும், ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஸ்க்ரூ ஏறக்குறைய 0.8 மி.மீ. ஒரு பக்கம் மட்டும் அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டால் பிக்கப் குழிக்குள் விழுந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் பிரித்து ஸ்ப்ரிங்கைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிரிட்ஜ் பிக்கப்பில் தொடங்குங்கள், தந்தி அங்கே கொஞ்சமாக ஆடுவதால் வலுக் குறைந்தது அது. சொன்ன அளவை விட ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கிவிட்டு, ஒரே சிறு இசைத் துணுக்கை ஒரே விசையில் வாசித்துக்கொண்டே கால் சுற்றுக் கால் சுற்றாக ஏற்றுங்கள். ஏற ஏற ஒலி திரளும், தெளியும். ஒரு கட்டத்துக்குமேல் சத்தம் மட்டும்தான் கூடும். சுரம் பிறந்த உடனே பட்டென்று முன்னால் குதித்து, பின்னால் வாடிப்போகும். அந்தத் திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காது எப்போதும் சத்தம் கூடியதைத்தான் ‘நல்லது’ என்று சொல்லும். ஏற்றிய ஒவ்வொரு முறையும் ஆம்பின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து, பழைய சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல் ஏற்றிக்கொண்டே போனவர்களின் கிடாரில் எல்லா பிக்கப்பும் தந்தியை முத்தமிட்டுக்கொண்டிருக்கும். பதிவு செய்யும் வசதி இருந்தால் ஒவ்வொரு நிலையையும் பதிவு செய்து, மறுநாள் ஒரே சத்தத்தில் கேட்பது இன்னும் நம்பகமானது.

பிரிட்ஜ் அமைந்ததும் நெக்குக்கு வாருங்கள். ஒரு முழுக் கார்டை (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) அடித்துவிட்டு, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சை மாற்றி மாற்றிக் கேளுங்கள். நெக் ஓங்கினால் அதை இறக்குங்கள், அதற்கு ஈடாகப் பிரிட்ஜை ஏற்றாதீர்கள். நெக் பிக்கப்பில் வாசிக்கும்போது தடித்த தந்திகள் சேறாகக் குழம்பினால் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் அரைச் சுற்று இறக்கிப் பாருங்கள். குழப்பம் விலகி ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். பெரும்பாலான கிடார்களில் உடனே பலன் தெரியும் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மூன்று பிக்கப் உள்ள கிடாரில் நடுவிலிருப்பதை மற்ற இரண்டையும் விடச் சற்றுத் தாழ்வாக வைப்பது வசதி, பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) அதில் இடிக்காது. ஆனால் நடுப் பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம், நான்காம் சுவிட்ச் நிலைகளின் அந்தக் குழைந்த, மூக்கொலி கலந்த தன்மை இரண்டு பிக்கப்பும் கிட்டத்தட்டச் சம வலுவில் இருந்தால்தான் வரும். அதைக் கேட்டபடியே நடுப் பிக்கப்பின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

ஒரே ஒரு தந்தி மட்டும் துருத்தினால்

பிக்கப்பைச் சாய்த்துத் தடித்த பக்கம், மெல்லிய பக்கம் இரண்டையும் சமன் செய்த பிறகும் நடுவில் ஒரு தந்தி ஓங்கி நிற்கலாம். ஹம்பக்கரிலும் பி-90 என்ற சிங்கிள் காயில் வகையிலும் துருவ ஸ்க்ரூக்கள் தனித்தனியாகத் திரும்பும். ஓங்கும் தந்தியின் ஸ்க்ரூவைக் கால் அல்லது அரைச் சுற்று இறக்கினால் போதும். பிக்கப் முழுவதன் உயரத்தை முடித்த பிறகுதான் இதற்கு வர வேண்டும், முதலிலேயே இங்கே கை வைத்தால் எது எதைச் சரிசெய்கிறது என்றே தெரியாமல் போகும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் துருவங்கள் நிலையான காந்தத் தண்டுகள். பழைய பாணி பிக்கப்பில் அவை ஏறியும் இறங்கியும் நிற்கும், அதிலும் மூன்றாவதான ஜி தந்தியின் தண்டு உயரமாக இருக்கும். 1954இல் அந்தக் கிடார் வந்தபோது செட்டுகளில் ஜி தந்தி கம்பி சுற்றியதாக இருந்தது, சிக்னல் குறைவு, அதனால் தண்டை உயர்த்தினார்கள். இன்றைய சுற்றில்லாத ஜி தந்தி அதே தண்டின் மேல் நின்றால் உரக்கத்தான் ஒலிக்கும். அதற்காகத் தண்டை அழுத்தி உள்ளே தள்ள முயலவே கூடாது. பழைய முறையில் செய்த பிக்கப்புகளில் சுருள் நேராக அந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும், தண்டு நகர்ந்தால் கம்பி அறும், பிக்கப் செத்தது. முழு பிக்கப்பையும் கொஞ்சம் இறக்குங்கள், தூரம் கூடக் கூடத் தந்திகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வும் மட்டுப்படும். அதுவும் போதாவிட்டால் தண்டுகள் சமமாக நிற்கும் பிக்கப்தான் வழி. புதிய பிக்கப்புக்கு இது நியாயமான காரணம்.

காந்தம் இழுக்கிறதா என்று கண்டுபிடிக்க

ஆறாவது தந்தியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஏதாவது ஓரிடத்தில் அழுத்தி மீட்டி, நீடிக்க விடுங்கள். சுரம் அலையலையாக நடுங்கினால், டியூனரின் முள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால், கோரஸ் பெடல் போட்டதுபோல இரட்டை ஒலி கேட்டால், நெக் பிக்கப் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. சிங்கிள் காயில் கிடார்களில் இது சாதாரணம். தடித்த பக்கத்தை அரைச் சுற்று இறக்கி மீண்டும் சோதியுங்கள், நடுக்கம் போகும்வரை தொடருங்கள். நடுப் பிக்கப்பையும் மறக்க வேண்டாம், அதுவும் சேர்ந்துதான் இழுக்கிறது. இறக்கிய பிறகு பிரிட்ஜில் சுருதியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்தினால் டோன் குமிழைத் தொடும் முன் மெல்லிய பக்கத்தை அரைச் சுற்று இறக்குங்கள். டிஸ்டார்ஷனில் (ஒலியை வேண்டுமென்றே திரிக்கும்போது) கார்டுகள் கூழாகக் குழைந்தாலும் மருந்து இறக்குவதுதான். ஆம்புக்குள் போகும் சிக்னல் குறையும், தேவையான கடுமையை ஆம்பின் கெயினில் (சிக்னலைப் பெருக்கும் குமிழில்) ஏற்றிக்கொள்ளலாம்.

அதிக கெயினில் சுரமே இல்லாத, விசில் போன்ற கீச்சொலி எழுந்தால் முதலில் பிக்கப்பை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ரொம்ப இறக்கியோ ஏற்றியோ வைத்ததில் ஸ்ப்ரிங் தளர்ந்து பிக்கப் ஆடிக்கொண்டிருக்கலாம். நீளமான ஸ்ப்ரிங் அல்லது ரப்பர் குழாய்த் துண்டு போட்டால் அடங்கும். உறுதியாக நிற்கும் பிக்கப்பும் கத்தினால், திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் அதன் உறையை மெல்லத் தட்டுங்கள். தட்டும் சத்தம் ஆம்பில் ஓங்கிக் கேட்டால் சுருளின் கம்பிகளே உள்ளுக்குள் அதிர்கின்றன. அதற்கு பிக்கப்பைக் கழற்றி உருக்கிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். சூடு கூடினால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால் அந்த வேலையை அனுபவமுள்ள கிடார் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.